விசாரிக்க வந்தவருக்குக் கேசரிபாத்

ஹெப்பகோடி
9 ஜூன் 2025, திங்கள்

அம்மா,

இதை அல்போன்சா கையில் கொடுத்தனுப்புகிறேன். நம் பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள் அவள்தான். பதில் எழுதினால் அவளிடமே கொடு. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அதைவிடக் கத்துவாய். இந்த பி.ஜி. விடுதியில் ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவில் வெறும் பலகைதான். எழுதினால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

இன்று மத்தியானம் டிரெய்னிங் கிளாஸ் நடுவில் எச்.ஆர். பார்கவி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். திரையில் நான். மாம்பழக் கலர் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கன்னத்தில் கை. போன வருஷம் நீ என்னை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய் எடுத்தாயே, அந்தப் படம். "இது எதுக்கு உங்க வெரிஃபிகேஷன் ரிப்போர்ட்ல இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அப்படியே நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது.

வேலைக்கு எடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் கம்பெனி ஒரு ஏஜென்சி ஆளை அனுப்பும். நாங்கள் எழுதிக் கொடுத்ததெல்லாம் நிஜமா என்று அவர் விசாரிப்பார். நம் வீட்டுக்கு வந்தவர் பெயர் அச்யுத். அவரிடம் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? பொண்ணுக்கு வயது இருபத்தொன்று. வேலைக்கென்று வாசலைத் தாண்டியதே இல்லை. ஹாஸ்டல், பி.ஜி. என்று ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை.

அம்மா, எனக்கு வயது இருபத்துமூன்று. பி.யூ.சி. முடித்ததும் மஞ்சள் காமாலையில் ஒரு வருஷம் போனது. உடம்பு தேறியதும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். இப்போது ஹெப்பகோடியில் பி.ஜி.யில் இருக்கிறேன். இதையெல்லாம் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பெற்றவளே எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டாள். இங்கே மார்க் குறைந்தவர்களுக்குக்கூட இன்னொரு வாய்ப்பு உண்டு, பொய் சொன்னவர்களுக்குக் கிடையாது. வருகிற 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் காலேஜில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டால் அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த ஒன்றை நம்பி பத்து மாதம் காத்திருந்தேன். கையில் வேறு எதுவும் இல்லை.

நீ தெரியாமல் செய்தாய் என்று நான் நம்பவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, "ஆறு மாசம் ஆட்டம் போட்டுட்டு வா, அப்புறம் நான் சொல்ற இடத்துல கழுத்த நீட்டு" என்றாய். ஆறு மாதம்கூட உனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே செய்தாய். திருப்திதானே?

சங்கமித்ரா


ஆஸ்டின் டவுன்
10 ஜூன், செவ்வாய்

மித்ரா,

உன் கடிதத்தை சிவாஜிநகர் கடையில் டிரையல் ரூமுக்குள் நின்று படித்தேன். வெளியே ஒரு அம்மா சுடிதாரைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "நக்கோ, இங்க வேணாம், வேற ரூம் பாரும்மா" என்று உள்ளே இருந்தே விரட்டினேன். இத்தனை வருஷத்தில் ஒரு கஸ்டமரை நான் விரட்டியது இல்லை.

எழுதினால் குறுக்கே பேச முடியாது என்றாயே. நல்லது, இப்போது நீ வாயை மூடிக்கொண்டு படி.

அன்று மத்தியானம் அந்த ஆள் வந்தார். சட்டையை இன் பண்ணி, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, "சங்கமித்ரா மனெ இதேனா?" என்று, உன் வீடு இதுதானா என்று கன்னடத்தில் கேட்டார். வெரிஃபிகேஷன் என்றார். நான் என்ன நினைப்பேன்? கே.ஜி.எஃப்.பில் இருக்கிற முனிராஜ் மாமா முந்தின வாரம்தான் போன் செய்து, "அக்கா, ஒரு நல்ல இடம் இருக்கு, பொண்ணப் பத்தி விசாரிக்க ஆள் வருவாங்க, பாத்துப் பேசு" என்றான். இப்போது பையன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஏஜென்சி வைத்துத்தானே விசாரிக்கிறார்கள்? பக்கத்து வீட்டு வேதநாயகி மகளுக்கும் அப்படித்தான் வந்தார்கள். அதே மாதிரிதான் இவரும் கேட்டார். எத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள், பொண்ணு நடத்தை எப்படி, போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா. பையன் வீட்டார் கேட்காத கேள்வியா இதெல்லாம்?

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. கடைசிவரை அவர் நாம் என்ன ஆட்கள் என்று கேட்கவே இல்லை. ஜாதி பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஆஹா, நம் குழந்தைக்கு எப்பேர்ப்பட்ட இடம் வந்திருக்கிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ரவையை வறுத்துக் கேசரிபாத் கிண்டினேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். அப்புறம்தான் உன் படத்தைக் கொடுத்தேன்.

வயதைக் குறைத்தேன். ஒத்துக்கொள்கிறேன். இருபத்துமூன்று என்றால், "ஏன் இத்தனை நாளா ஆகல" என்று கேட்பார்கள். கடை வேலை என்றால் முகம் சுளிப்பார்கள். பி.ஜி. என்றால் கேட்கவே வேண்டாம். எந்தத் தாய்தான் பொண்ணு விசாரிக்க வந்தவனிடம் இதையெல்லாம் தட்டில் வைத்து நீட்டுவாள்? வேதநாயகி வேறு பின்னாலேயே வந்து, "குனிஞ்ச தலை நிமிராதுங்க, கல்யாணமாயிட்டாலும் வேலைக்குன்னு வெளிய போகாது" என்று ஒரு போடு போட்டாள். நானும் தலையை ஆட்டினேன்.

வேண்டுமென்றே செய்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்து மாதம் நீ மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர வேண்டிய தேதி வந்த அன்று தெரு முழுக்க மைசூர்பாக் கொடுத்தது யார்? உன் அப்பாவா? அவர் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

கல்யாணம் வேண்டும் என்று நினைத்தது நிஜம். உன் வேலை போகவேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இரண்டும் வேறு வேறு.

என்ன செய்யவேண்டும் சொல். அந்த ஆபீஸ் வாசலில் வந்து உட்காரட்டுமா?

அம்மா


ஹெப்பகோடி
12 ஜூன், வியாழன்

அம்மா,

தயவுசெய்து ஆபீஸ் பக்கம் வந்துவிடாதே. செக்யூரிட்டிக்கும் கேசரிபாத் கொடுப்பாய்.

நீ எழுதியதை பார்கவி மேடத்திடம் சொன்னேன். கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள் என்று சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பிறந்த தேதி சர்ட்டிபிகேட்டையும் கண்ணாடிக் கடை லெட்டரையும் வாங்கிப் பார்த்தார். "காகிதமெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வீட்டுல சொன்னது மாறியிருக்கு, அத நான் அப்படியே விட முடியாது" என்றார். கடைசியில் வேறு ஒரு ஆளை மறுபடி அனுப்பச் சொல்கிறேன் என்றார். ஒரே ஒரு தடவைதான். எந்த நாள் என்று சொல்லமாட்டார்களாம். முன்கூட்டியே சொன்னால் நாம் பாடம் படித்து ஒப்பிப்போமாம்.

அதனால் யார் வந்து கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல். வயது, காமாலை, கண்ணாடிக் கடை, பி.ஜி., எல்லாம். கேசரிபாத் வேண்டாம், படம் வேண்டாம். வேதநாயகி அக்காவை அந்தப் பக்கமே விடாதே.

நேற்றிலிருந்து என் கார்டுக்கு லேப் கதவு திறப்பதில்லை. கிளாஸில் உட்காரலாம், லேபுக்குள் போகக்கூடாது. மற்றவர்கள் எல்லாரும் உள்ளே புரோகிராம் எழுதுகிறார்கள், நான் வெளியே சோபாவில் உட்கார்ந்து நோட்டுப் புரட்டுகிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்கிறார்கள். தலைவலி என்று சொல்கிறேன். வீட்டில் பொய் சொன்னதற்கு உன்னைத் திட்டிவிட்டு இங்கே நானும் அதையே செய்கிறேன்.

நீ சொல்வதைப் பாதி நம்புகிறேன். மீதிப் பாதிக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

பயமாக இருக்கிறது அம்மா.

சங்கமித்ரா


ஆஸ்டின் டவுன்
15 ஜூன், ஞாயிறு

மித்ரா கண்ணு,

வந்தாச்சு! போயாச்சு! எல்லாம் சொல்லியாச்சு!

வெள்ளிக்கிழமையிலிருந்து கடைக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலாளி முகம் கொடுக்கவில்லை, போகட்டும். நேற்று காலை ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு லெதர் பை. உன் அப்பா பெயரைச் சொல்லி, "எத்திராஜ் வீடுங்களா? பொண்ணு சங்கமித்ரா பத்தி ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்றார். வந்துவிட்டார் நம் ஆள் என்று எழுந்து நின்றேன். வேதநாயகி தலை நீட்டினாள். கண்ணைக் காட்டினேன், உள்ளே போய்விட்டாள்.

அவர் கேட்பதற்குள் நானே ஆரம்பித்தேன். "கேளுங்க சார். வயசு இருபத்துமூணு. ஒரு நாள்கூடக் குறையாது. காமாலையில ஒரு வருஷம் படிப்பு போச்சு. ஆனா சும்மா படுத்துக் கிடக்கல, எழுந்ததும் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போச்சு. அந்தக் காசுலதான் காலேஜ் சேந்துச்சு, எங்கள ஒரு வார்த்தை கேக்கல. இப்ப ஹெப்பகோடியில பி.ஜி.ல தனியா இருக்கு. ராத்திரி ஒம்பதுக்குக்கூட பஸ்ல வரும், யாருக்கும் பயப்படாது."

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. "குனிஞ்ச தலையெல்லாம் கிடையாது சார், எதுத்துப் பேசும். எங்கிட்டயே பேசும். சமையல் வராது, ரசம் வெச்சா நாங்க யாரும் வாயில வைக்க முடியாது. கல்யாணம் ஆனாலும் வேலைய விடாது. விடச் சொன்னா உங்களத்தான் விடும்."

கடைசி வரி எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, ஒரு வேகத்தில் வந்துவிட்டது. அவர் பையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. கையெழுத்தும் கேட்கவில்லை. நான் காபிகூடக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை, வேகமாகத் தெருமுனைக்குப் போய்விட்டார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கவலையை விடு.

(மாலை)

மித்ரா, கடிதத்தை மடிப்பதற்குள் முனிராஜ் மாமா போன் செய்தான். எடுத்ததும் கத்தினான். "ஏன்க்கா, நான் எவ்ளோ தேடி அந்த இடத்தப் புடிச்சேன்! பையனோட சொந்தப் பெரியப்பா அவரு! பொண்ணப் பெத்தவ பேசற பேச்சா இது? வேலைய விடச் சொன்னா உங்கள விடும்னியாமே!"

நேற்று வந்தவர் கம்பெனி ஆள் இல்லை. கல்யாண ஆள்.

உன் அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அந்த மனுஷன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்தவே இல்லை. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாள் ஆகிறது.

ஆனால் நம் ஆள் இன்னும் வரவில்லையே கண்ணு. நாளைக்கும் லீவுதான்.

அம்மா


ஹெப்பகோடி
16 ஜூன், திங்கள்

அம்மா,

கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். "உங்களத்தான் விடும்" என்ற இடத்தில் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டேன். அல்போன்சா பிடுங்கிப் படித்து அவளும் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ரசத்தைப் பற்றி எழுதியது அநியாயம். ஒரு தடவைதான் உப்பு அதிகம்.

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இன்று திங்கள் ஆகிவிட்டது, யாரும் வரவில்லை. லேபில் இன்று புது ப்ராஜெக்ட் பிரித்துக் கொடுத்தார்கள். என் பெயர் எந்த டீமிலும் இல்லை. பார்கவி மேடம் நடையில் பார்த்தபோது, "வெயிட் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல். அந்தப் பெரியவரிடம் என்னைப் பற்றிச் சொன்னாயே, கேட்காமல் நானே காலேஜ் சேர்ந்தேன், யாருக்கும் பயப்படமாட்டேன், எதிர்த்துப் பேசுவேன் என்றெல்லாம். கம்பெனி ஆள் என்று நினைத்து, வேலை போகக்கூடாதே என்று சொன்னாயா? இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாயா? ஏனென்றால் இதையெல்லாம் இதுவரை என்னிடம் குறையாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

சங்கமித்ரா


ஆஸ்டின் டவுன்
18 ஜூன், புதன்

கண்ணு,

வந்துவிட்டாள். இந்தத் தடவை நிஜம்.

ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான் வாசலை மறித்துக்கொண்டு, "மொதல்ல சொல்லு, நீ கல்யாணமா, கம்பெனியா?" என்று கேட்டுவிட்டேன். திருதிருவென்று விழித்தாள். "கம்பெனிதான் ஆன்ட்டி" என்று கார்டைக் காட்டினாள். அதை வாங்கி அப்பாவிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கவைத்த பிறகுதான் உள்ளே விட்டேன்.

கேட்டதற்குக் கேட்ட பதில். வயது, காமாலை, கண்ணாடிக் கடை, பி.ஜி. போன தடவை ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். "எங்கம்மாவும் எனக்கு ரெண்டு வயசு கொறச்சுத்தான் சொல்லுது ஆன்ட்டி" என்றாள். கையெழுத்துப் போட்டேன். அப்பாவும் போட்டார். அதற்குப் பிறகுதான் காபி கொடுத்தேன், சர்க்கரைகூடக் கம்மியாக.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு நாளாக யோசித்தேன்.

அன்று அந்தப் பெரியவரிடம் பேச ஆரம்பித்தது வேலைக்காகத்தான். பொய் எழுதமாட்டேன். ஆனால் காமாலையில் இருந்து எழுந்து நீ வேலைக்குப் போனதைச் சொல்லும்போதே என் குரல் மாறிவிட்டது. கடையில் நான் எந்தப் புடவையைக் காட்டினாலும் ஆஹா ஓஹோ என்றுதான் பேசுவேன், அது வயிற்றுப்பிழைப்பு. அன்று நான் எதையும் ஏற்றிச் சொல்லவில்லை, இறக்கியும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல, யாருடி இந்தப் பெண், இவ்வளவு நன்றாக இருக்கிறாளே என்று தோன்றியது. அவர் எழுந்து போனபோது எனக்கு நஷ்டமாகவே படவில்லை. இவளை இருபத்தொன்று என்று சொல்லி, வாசல் தாண்டாதவள் என்று சொல்லி, யாருக்கோ கட்டி வைக்கப் பார்த்தேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

எதிர்த்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது, அது வேறு. ஆனாலும் நீ பேசு.

முனிராஜ் மாமாவிடம் இனிமேல் இடம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பார்க்கலாம். இதை எழுதுவதற்குள் மூன்று பேப்பர் கிழித்தாச்சு.

நாளை மறுநாள் வெள்ளி.

அம்மா


ஹெப்பகோடி
20 ஜூன், வெள்ளி

அம்மா!

ஆகிவிட்டது!

காலையில் லேப் கதவில் கார்டை வைத்தேன். பழக்கதோஷம், தினமும் வைத்துப் பார்ப்பதுதான். பச்சை விளக்கு எரிந்தது. நான் நம்பாமல் மறுபடி வைத்தேன். பின்னால் நின்ற பையன், "ஒளகே ஹோகி மாராயரே!" என்று, உள்ளே போகச் சொல்லிக் கத்தினான். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு பார்கவி மேடம் கூப்பிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது, ரிப்போர்ட் கிளியர், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். எந்த டீம் என்றும் சொன்னார். நான் எழுந்து வரும்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "உங்கம்மா அந்தப் பொண்ணுகிட்ட கல்யாணமா கம்பெனியான்னு கேட்டாங்களாமே. எங்க டீம் முழுக்க அதான் பேச்சு" என்றார். மானம் போனால் போகட்டும், வேலை இருக்கிறது.

உன் முந்தின கடிதத்தை பி.ஜி.யில் விளக்கு அணைத்த பிறகு போன் வெளிச்சத்தில் படித்தேன். ரூம் பெண்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். எங்கம்மா என்று மட்டும் சொன்னேன்.

நீ வேண்டுமென்றே செய்தாய் என்று எழுதியது தப்பு. ரொம்பத் தப்பு. கோபத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

நாளைக்கும் கிளாஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். அல்போன்சாவும் சாப்பிட வருகிறாள். இத்தனை நாள் கடிதம் சுமந்ததற்குக் கூலியாம். உன் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன், இனி கூப்பிடலாம்.

உன் மித்ரா


ஆஸ்டின் டவுன்
21 ஜூன், சனி

கண்ணு,

போனில் பேசலாம்தான். நேற்று இரவு பேசினோமே, இரண்டு பேரும் அழுததில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அதனால் இதை மட்டும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு வந்ததும் படி.

இன்று கடைக்குப் போனேன். முதலாளி ஒரு வாரக் கோபத்தை மொத்தமாகக் கொட்டக் காத்திருந்தார். "என் பொண்ணுக்கு வேலை உறுதியாயிடுச்சு சார்" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு எல்லாருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. துணி மடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போகிற மாதிரி இருந்தது.

அப்போது ஒரு அம்மா தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தாள். நல்ல குடும்பம், கழுத்திலும் கையிலும் அடக்கமாக நகை. என் முகத்தைப் பார்த்து, "ஏன் அழுதிருக்கீங்க?" என்று கேட்டாள். மகளுக்கு வேலை என்று சொன்னேன். "எத்தனை வயசு?" என்றாள். "இருபத்துமூணு முடிஞ்சிடுச்சு" என்றேன். அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து, "எங்கண்ணன் மகன் ஒருத்தன் இருக்கான், நல்ல வேலை. உங்க பொண்ணு எப்படி, சொல்லுங்களேன்" என்றாள்.

மித்ரா, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்லதும் வந்தது, ரசமும் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அத அவகிட்டத்தாம்மா கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு இரண்டு புடவை மட்டும் விற்றேன்.

அம்மா